லெட்டர்பாக்ஸிங் என்றால் என்ன? அதில் முத்திரையை ஏன் கையால் செதுக்குகிறார்கள்?

குறிப்புகளைப் படித்து, வெளியிடங்களில் ஒளித்து வைத்த சிறு பெட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்குதான் லெட்டர்பாக்ஸிங். பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். அந்த முத்திரையை உங்கள் நோட்டிலும், உங்கள் முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் பதித்துவிட்டு, பெட்டியைப் பழைய இடத்திலேயே மறைத்துவிட வேண்டும்.

இது இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் பிறந்தது. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போய்ச்சேர முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டார்கள். ‘வந்தேன்’ என்பதற்கு அது சாட்சி. இன்று முத்திரை செய்வதும் அதே வேலைதான். கடை முத்திரை எல்லோரிடமும் இருக்கும். கையால் செதுக்கியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பொழுதுபோக்கின் அழகே எனக்கு அங்குதான் இருக்கிறது.

செதுக்க ஒரு பெரிய பென்சில் அழிப்பான் போதும். தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அழிப்பான்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும். ஆம்புலன்ஸ் முகப்பில் எழுத்தைத் திருப்பி எழுதுகிறார்களே, அதே கணக்கு: திருப்பிச் செதுக்கினால்தான் நேராகப் பதியும். வெள்ளையாக வேண்டிய இடங்களை வெட்டி எடுங்கள். கோட்டின் ஓரங்களை வெளிப்பக்கம் சரிவாக வெட்டுவது முக்கியம்; அடி அகலமாக இருந்தால்தான் மெல்லிய கோடு அழுத்தத்தில் மடங்காது.

பெயரைப் பார்த்துப் பலர் இதைத் தபால்தலை சேகரிப்பு என்று நினைக்கிறார்கள். இங்கே சேர்வது நோட்டில் விழும் மைத்தடம் மட்டுமே, பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.