மாலுக்குள் இடம் கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள நம் ஊர்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: பக்கத்தில் பெரிய கடை வருகிறது, இனி என்ன ஆகும்? சிலர் ஊரும் எழுதவில்லை, கணக்கும் எழுதவில்லை. அப்படி வந்தால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்.

ஐயா, என் மளிகைக் கடைக்கு 300 மீட்டர் தள்ளி சூப்பர்மார்க்கெட் திறக்கிறார்கள். அரிசி, எண்ணெய் விலையை இப்போதே குறைக்கட்டுமா? (ஸ்டேங்கர்)

வேண்டாம். விலையில் மோதாதீர்கள், எத்தனை முறை எழுதிவிட்டேன்! 10 கிலோ அரிசியை அவர்கள் வாங்கின விலைக்கே கொடுப்பது, அதற்காக உள்ளே வந்தவர் சோப்பு, பிஸ்கட், கோழி என்று இன்னும் இருபது சாமான் கூடையில் போடுவார் என்பதால்தான். உங்கள் கடையில் அந்த இருபது சாமான் இல்லை, நீங்கள் விட்டது விட்டதுதான். அதோடு, பில்லில் இருக்கும் விலையிலிருந்தும் சப்ளையர் அவர்களுக்குப் பின்னால் தள்ளுபடி வேறு தருவார், உங்களுக்கு வராது. அவர்கள் ஸ்பெஷல் போடும் விலை உங்கள் ஹோல்சேல் விலையைவிடக் குறைவா? அங்கேயே போய் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காலை ஐந்தரைக்கு டாக்ஸிக்கு நிற்பவருக்கு ரொட்டியும் பாலும், கால் கிலோ பருப்பு, கண்முன்னே கலந்து தரும் மசாலா, இவைதான் உங்கள் பலம். விற்பனை வேறு, லாபம் வேறு. வாரக் கடைசியில் இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

கடை அலமாரித் தட்டில் 49 ரேண்ட், கவுண்டரில் 57 என்று அடிக்கிறார்கள். யார் சொல்வது சரி? (டொங்காட்)

49. இரண்டு விலை இருந்தால் குறைந்ததுதான் செல்லும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது இது. 4,999 ரேண்ட் டிவிக்கு 49 என்று கண்ணுக்குத் தெரிகிற தவறு இருந்தால் மட்டும் கடைக்காரர் திருத்திக்கொள்ளலாம். தட்டு விலையை போனில் படம் எடுத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

மாலில் ரொட்டிக் கடை போட இடம் கேட்டேன். காலி இடம் இருக்கிறது, ஆனால் "பெரிய கடை ஒத்துக்கொள்ளாது" என்கிறார் ஏஜென்ட். அப்படிச் சொல்ல முடியுமா? (சாட்ஸ்வொர்த்)

தம்பி, இந்தக் கேள்வி வந்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 1990களின் கடைசியில் என் அண்ணனுக்கும் இதே பதில்தான் வந்தது, இரண்டு வரிக் கடிதத்தில். காரணம் கேட்டதற்குப் பதிலே இல்லை. அவர் சுட்ட ரொட்டிக்கு ஞாயிறு காலை வரிசை நிற்கும். ஆனால் மாலுக்குள் அவருக்கு இடமில்லை.

நடப்பது இதுதான். மால் கட்டுகிறவருக்கு வங்கிக் கடன் வேண்டும், பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று வரும் என்று காட்டினால்தான் வங்கி கொடுக்கும். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட் ஒரு ஷரத்து போடும்: இந்த மாலில் வேறு மளிகை, இறைச்சி, ரொட்டிக் கடை வரக்கூடாது. குத்தகையோ பல வருடத்துக்கு. ஊர் ஜனம் முழுக்க மாலுக்குப் போகப் பழகின பிறகு, வெளியே தெருவில் நிற்கிற சின்னக் கடைக்கு ஜனநடமாட்டமே இல்லை. நம் ஆட்கள் சோம்பேறிகள், காலத்துக்கு ஏற்ப மாறவில்லை என்று பேசுகிறவர்கள் இந்த ஷரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வரவில்லையே என்று குறை சொன்னால் எப்படி?

வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அரசின் போட்டி ஆணையம் 2015-இல் மளிகைத் துறை விசாரணையைத் தொடங்கி 2019 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. சின்ன, சுயேச்சைக் கடைகளுக்கு எதிராக இந்த ஷரத்தை உடனே நிறுத்த வேண்டும், மற்றவர்களுக்கு எதிராக ஐந்து வருடத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனமான ஷாப்ரைட் 2020-இல் ஆணையத்தோடு உடன்பாடு போட்டது, இன்னொரு பெரிய நிறுவனமான பிக் அன் பேயும் அடுத்து வந்தது. ஆகவே ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பித் திரும்பி வராதீர்கள். இடம் மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஷரத்துதான் காரணம் என்றால் சிசி1 படிவத்தில் ஆணையத்துக்குப் புகார் எழுதுங்கள், கட்டணம் கிடையாது. நிறவெறிச் சட்டங்களால் ஒதுக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரும் போட்டிச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவர்களே, அதையும் குறிப்பிடுங்கள். இடம் கிடைத்தால், கையெழுத்துப் போடுமுன் குத்தகையைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், வருடா வருடம் வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்பது பெரும்பாலும் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

எல்லா சாமானுக்கும் 15 சதவீதம் வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடலாமா? (ஊர் எழுதவில்லை)

நீங்கள் வாட் பதிவு செய்தவரா, இல்லையா? அதைக்கூட எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? பதிவு இல்லை என்றால் ஒரு சென்ட் கூட வாட் என்று வாங்கக்கூடாது. பதிவு இருந்தால் அரிசி, பருப்பு, பால், முட்டை, பிரவுன் ரொட்டி, மீலி (மக்காச்சோள) மாவு, சமையல் எண்ணெய், காய்கறிக்கு பூஜ்யம். 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவுக்கும் அப்படியே. வெள்ளை ரொட்டிக்கு 15 உண்டு. வருட விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம்; பூஜ்ய வரிச் சாமான் விற்ற பணமும் அந்த வரம்புக் கணக்கில் சேரும், இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வசூலித்த வாட் பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், அது உங்கள் பணம் இல்லை.

வீட்டில் செய்யும் மாங்காய் அச்சாரை (ஊறுகாயை) ஒரு சூப்பர்மார்க்கெட் வாங்குகிறேன் என்கிறது. சரி சொல்லலாமா? (வெருலம்)

சொல்லலாம் தங்கச்சி, ஆனால் செய்வதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். பணம் எத்தனை நாளில் வரும், விற்காத பாட்டில் யார் தலையில், ஸ்பெஷல் போட்டால் அந்தக் குறைவு யாருடையது, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 2020 முதல் சின்ன சப்ளையர் மீது நியாயமில்லாத விலையோ நிபந்தனையோ திணிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

மால் வந்தால் சந்தை செத்துவிடும், இதில் போராடி என்ன பயன்? (இசிபிங்கோ)

டர்பன் வார்விக்கில் இருக்கும் காலைச் சந்தை 1910-இல் தொடங்கியது, நம் தோட்டக்காரர்கள் காய்கறி கொண்டுவந்து விற்ற இடம். 2009-இல் நகராட்சி அதை இடித்து மால் கட்டப் பார்த்தது. வியாபாரிகள் தெருவில் நின்றார்கள், நீதிமன்றம் போனார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நாளை விடிகாலையில் போய்ப் பாருங்கள், தக்காளி விற்கிறார்கள்.

புரட்டாசிக்குக் கற்பூரம், வெற்றிலை எல்லாம் சூப்பர்மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கிறது. அங்கே வாங்கினால் தப்பா? (ஃபீனிக்ஸ்)

தப்பில்லை அம்மா. ஆனால் ஐந்தாவது வாரம் அந்தத் தட்டில் வேறு சாமான் இருக்கும். செவ்வாய் இரவு ஒரு சாவு வீட்டுக்குச் சாமான் வேண்டும் என்றால் பூஜைக் கடைக்காரரின் வீட்டுக் கதவைத்தானே தட்டுவீர்கள்? கற்பூரத்தையாவது அவரிடம் வாங்குங்கள்.

வாங்கி நான்கு மாதமான குக்கர் கெட்டுவிட்டது, மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

பழுது உங்கள் கையால் வந்ததில்லை என்றால், ஆறு மாதம் வரை ரிப்பேர், மாற்று, பணம் மூன்றில் எது வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு. பில் எங்கே?