டயர் மாறினால் மீட்டரும் மாறும்: ஸ்பீடாமீட்டர் கேள்வி-பதில்

அண்ணாச்சி, லாரியின் 10.00-20 அளவு நைலான் டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் ரேடியல் போட்டிருக்கிறேன். மீட்டரைத் திருத்தணுமா? (தாழையூத்து)

வேண்டாம். சுற்றளவு நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் மாறாது. டயர் தேய்வதிலேயே அதைவிட அதிகம் போய்விடும். 15 மி.மீ. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) 3 மி.மீ. ஆகும்போது குறுக்களவு 24 மி.மீ. குறைகிறது. ஒரு மீட்டர் சொச்சம் உயரமுள்ள டயருக்கு அது இரண்டு சதவீதத்துக்கும் மேல். ஒரே ஆக்சிலில் நைலானையும் ரேடியலையும் கலந்து மட்டும் போடாதீர்கள்.

என் வண்டியில் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டுகிறது. எவ்வளவு திருத்த வேண்டும்? (ராதாபுரம்)

என்ன வண்டி, பழைய டயர் என்ன, புதுசு என்ன, மீட்டருக்கு வருவது சுற்றும் கேபிளா, மின் சிக்னல் தரும் சென்சாரா, கூட்டிக் காட்டுகிறதா குறைத்துக் காட்டுகிறதா? ஒன்றும் எழுதவில்லை. ஜோசியர்கூட ஜாதகம் கேட்டுவிட்டுத்தான் பலன் சொல்வார்.

நீங்களே அளந்து பாருங்கள். வழக்கமான லோடு ஏற்றி, காற்றைச் சரியாக அடித்து, பின்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு ஒன்று, அதற்கு நேர்கீழே தரையில் ஒன்று போடுங்கள். வண்டியை நேராக 5 சுற்று உருட்டி, தூரத்தை 5-ஆல் வகுங்கள். 10.00 R20 என்றால் ஒரு சுற்று சுமார் 3.2 மீட்டர் வரும். டேப்பில் உயரத்தைப் பிடித்து 3.14-ஆல் பெருக்காதீர்கள். லோடில் டயர் அமுங்கும், ரேடியலுக்கு 3.05-தான் ஒத்துவரும். பழைய டயரையும் இதேபோல் அளந்து, புது அளவைப் பழைய அளவால் வகுத்தால் எவ்வளவு திருத்தம் என்பது தெரிந்துவிடும்.

மீட்டர் 80 காட்டும்போது போன் 76 காட்டுகிறது. கோளாறா? (வள்ளியூர்)

இல்லை. வேக முள்ளைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் கம்பெனியே வைக்கிறது. முள் குறைத்துக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

காய்கறி ஏற்றிக் கேரளா போகிற பிக்கப். 215/75 R15 இருந்த இடத்தில் 235/75 R15 போட்டோம். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி இப்போது 11.5-தான் கொடுக்கிறது. போனில் பார்த்தால் வேகம் மீட்டரோடு சரியாக ஒத்துப்போகிறது. டிரைவர் புளியரை தாண்டினதும் டீசலை இறக்கி விற்கிறானோ என்று சந்தேகம். (பாவூர்சத்திரம்)

இப்படி மாதத்துக்கு ஒரு கடிதமாவது வந்துவிடுகிறது. டயரை மாற்றுவது முதலாளி, பழி டிரைவர் தலையில்.

கணக்கைப் பாருங்கள். பழைய டயர் சுமார் 703 மி.மீ. உயரம், புதுசு 733. நாலு சதவீதம் பெரிசு. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுகிறது. மீட்டரோ சுற்றை எண்ணிப் பழைய தூரத்தையே எழுதுகிறது. வண்டி மாதம் 4000 கி.மீ. ஓடினால் மீட்டரில் 3835-தான் ஏறும். காணாமல் போன 165 கி.மீ.யை 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 14 லிட்டர். நீங்கள் தேடும் டீசல் இதுதான். 11.5-ஐ 1.04-ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 12 திரும்பி வந்துவிடும்.

போன் ஒத்துப்போவதை வைத்து ஏமாற வேண்டாம். கம்பெனி கூட்டி வைப்பது வேக முள்ளை மட்டும். கிலோமீட்டர் எண்ணும் கணக்கில் அந்தக் கூட்டல் கிடையாது. பெரிய டயர் போட்டதும் முள்ளிலிருந்த உபரி கழிந்து போனோடு ஒத்துப்போகிறது. ஏறக்குறைய சரியாக இருந்த கிலோமீட்டரோ அதே அளவு குறைந்துபோகிறது. கி.மீ. கணக்கில் வாடகை வாங்குகிறவர் என்றால் நூற்றுக்கு நாலு ரூபாய் உங்கள் கையை விட்டும் போகிறது. ஆயில் மாற்றுவதும் தள்ளிப்போகும்: மீட்டரில் 10,000 என்றால் இன்ஜின் ஓடியது 10,400.

நாங்குநேரியிலிருந்து வள்ளியூர்ப் பக்கம் நால்வழிச்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி, அடுத்து வரும் பத்துக் கல்லை எண்ணி, மீட்டரில் எத்தனை ஏறுகிறது என்று பாருங்கள். 9.6 ஏறினால் டிரைவரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அகல டயர் கொஞ்சம் டீசல் தின்னவும் செய்யும், அதையும் அவர் கணக்கில் எழுதாதீர்கள். அந்த டயரின் லோடு திறன் பழசுக்குக் குறையாமல் இருக்கிறதா, கம்பெனி அனுமதித்த அளவுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரியங்காவு இறக்கத்தில் டயர் வெடித்தால் மைலேஜ் கணக்கு உதவாது.

பழைய கேபிள் மீட்டர். டயர் 5% பெரிசு. எப்படித் திருத்துவது? (கடையநல்லூர்)

கியர்பாக்ஸில் கேபிள் சொருகும் இடத்தில் சின்ன பினியன் (பல்சக்கரம்) இருக்கும். பல்லை எண்ணுங்கள். 20 பல் என்றால் 19 பல் போடுங்கள். கேபிள் 5% வேகமாகச் சுற்றும். பல்லைக் குறைத்தால் வேகம் கூடும், பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஒரு பல்லுக்கே 5% என்பதால் 2, 3 சதவீதத்துக்கு இந்த வேலையைத் தொடாதீர்கள். முள்ளைப் பிடுங்கித் தள்ளிச் சொருகுவது திருத்தம் ஆகாது. கிலோமீட்டர் பழையபடியேதான் ஓடும்.

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) டிப்பர், 10.00 R20-க்குப் பதில் 11.00 R20. சென்சார் வயரில் ஒரு பெட்டி வைத்தால் சரியாகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். (கங்கைகொண்டான்)

வேண்டாம். அந்த சிக்னலை மீட்டர் போர்டு மட்டும் படிப்பதில்லை. பல வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரும் ஸ்பீடு கவர்னரும் (குறித்த வேகத்துக்கு மேல் போகவிடாத கருவி) அதையே நம்புகின்றன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டி, டயர் சுற்றளவையோ கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் (சென்சார் துடிப்பு) என்பதையோ மாற்றச் சொல்லுங்கள். லோடு ஏற்றி அளந்த எண்ணைக் கையில் கொண்டுபோங்கள்.

கவர்னரையும் விட்டுவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 118-இன்படி லாரிக்கு 80, டிப்பருக்கும் டேங்கருக்கும் 60. டயர் 3% பெரிதானால் 60 என்று நினைத்து 62-இல்தான் கவர்னர் பிடிக்கும். சீலை நீங்களே உடைக்காதீர்கள், எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டும்.

முன் டயர் இரண்டை மட்டும் அளவு மாற்றினேன். மீட்டர் மாறுமா? (சங்கரன்கோவில்)

கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் மீட்டர் என்றால் மாறாது; அது பின்சக்கரக் கணக்கு. ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ரொம்ப வித்தியாசப்பட்டால் அதன் எச்சரிக்கை லைட் எரியும்.

டயர் மாற்றவே இல்லை. பின் ஆக்சில் ஹவுசிங் வேலைக்குப் பிறகு மீட்டர் 60 காட்டினால் வண்டி பறக்கிறது. (அம்பாசமுத்திரம்)

கிரௌன் பினியன் பல்லை எண்ணினீர்களா? கிரௌனில் 41 பல், பினியனில் 6 பல் (41/6) இருந்த இடத்தில் 41/7 போட்டிருப்பார்கள். பல் விகிதம் 6.83 போய் 5.86. மீட்டர் 60 என்றால் வண்டி 70-இல் போகிறது. ஏற்றத்தில் லோடு இழுக்கத் திணறினால் இதுதான் என்று உறுதி.

முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. டயர்தான் காரணமா? (திசையன்விளை)

டயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்காவது மடிந்திருக்கும். உள்கம்பியை உருவித் துடைத்து மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மேல்முனையில் ஒரு சாண் விட்டுவிடுங்கள், கிரீஸ் மீட்டருக்குள் ஏறினால் முள் ஒட்டிக்கொள்ளும்.