96 கிலோ எடை, 85 கிலோ வரம்பு: நான் குதிரை ஏறலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். என் மகள் ஆறு மாதமாக ஹெண்ணூர் பக்கம் ஒரு பள்ளியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். சனிக்கிழமைதோறும் வேலியோரம் காபி குடித்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக நானும் சேர்ந்தால் என்ன என்று தோன்றியது. அலுவலகத்தில் கேட்டேன். எடை வரம்பு 85 கிலோ என்றார்கள். நான் 96 கிலோ. உயரம் 5 அடி 11 அங்குலம். வெளியே வந்தபோது பயிற்சியாளர் ஒருவர், "வாங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். ஊட்டியில் மட்டக்குதிரையில் ஏறியபோது யாரும் எடை கேட்டதில்லை. இந்த வரம்பு நிஜமாகவே தேவையா? அவர் சொன்னபடி சேரலாமா?

பதில்: வேலியோரம் நிற்கும் பல அப்பாக்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டு, கூச்சத்தில் வாய் திறக்காமலே போய்விடுகிற கேள்வி இது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நல்லது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த 85-ஐ மதியுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றவரிடம் சேர வேண்டாம். அதற்காகக் குதிரையேற்றமே உங்களுக்கு இல்லை என்று ஆகிவிடாது. கேட்கும்போது அந்த எண் உங்கள் உடம்பைப் பற்றிச் சொன்னது போலத்தான் இருக்கும். அது அந்த லாயத்தில் கட்டியிருக்கும் குதிரைகளின் உடம்பைப் பற்றியது. லாயம் மாறினால் எண்ணும் மாறும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பல நாடுகளில் பள்ளிகள் கையாளும் கணக்கு 20 சதவீதம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது என்பது. 1920-இல் அமெரிக்கக் குதிரைப்படைக் கையேடு சொன்னதும் இதுதான். படைவீரர்களின் அனுபவக் கணக்காக இருந்த இதை 2008-இல் ஓஹாயோவில் சோதித்துப் பார்த்தார்கள். எட்டுக் குதிரைகள், அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று பாரம் ஏற்றி 45 நிமிடம் வேலை வாங்கினார்கள். 20 வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 25-ஐத் தொட்டதும் இதயத் துடிப்பு ஏறியது. பிற்பாடு முதுகுத் தசையில் வலியும் இறுக்கமும் தெரிந்தன. 30-இல் இன்னும் மோசம். அதே ஆய்வில் இன்னொன்றும் கவனித்தார்கள்: இடுப்புக்குச் சற்று முன்னால் முதுகு அகலமாக இருந்த குதிரைகளுக்கு வலி குறைவு.

இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 20 சதவீதம் என்பது நீங்கள் மட்டும் அல்ல. முதுகில் இருக்கும் அத்தனையும் சேர்த்து. சேணம், அதன் கீழே போடும் மெத்தை, கால் வைக்கும் அங்கவடி, வார் எல்லாம் சேர்ந்து சாதாரண ஆங்கிலச் சேணத்துக்குச் சுமார் 8 கிலோ. படத்தில் கௌபாய்கள் உட்காரும் வெஸ்டர்ன் சேணம் என்றால் 15 கிலோவைத் தாண்டும். பூட்ஸ், ஹெல்மெட், ஜீன்ஸ், பாக்கெட்டில் இருக்கும் போன், பைக் சாவி என்று இன்னொரு 3 கிலோ. உங்கள் 96-ஓடு 11 சேர்த்தால் 107. ஐந்தால் பெருக்குங்கள்: 535 கிலோ. நீங்கள் வசதியாக ஏற அவ்வளவு எடையுள்ள குதிரை வேண்டும்.

இப்போது பள்ளியின் 85-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 85-ஓடு 11 சேர்த்தால் 96. ஐந்தால் பெருக்கினால் 480. அதாவது தங்கள் பெரிய குதிரைகள் 480 கிலோ அளவில் இருக்கின்றன என்று கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்கு இது பொருத்தமான எண்தான். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பக்கத்தில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் என்னும் ரேஸ் இனக் குதிரைகள் பல பயிற்சிப் பள்ளிகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. "ரேஸ் குதிரையாச்சே, என்னைத் தூக்காதா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ரேஸில் அதன் முதுகில் இருந்தவர் பெரும்பாலும் 50-60 கிலோ ஜாக்கி. அதுவும் ஒன்றரை, இரண்டு நிமிட ஓட்டம். மெல்லிய கால் எலும்பு, ஒடுங்கிய முதுகு, கூடவே பழைய காயம் ஏதாவது ஒரு காலில் இருக்கும். வேகத்துக்கென்றே வளர்த்த உடம்பு அது, சுமைக்கு அல்ல. மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் பார்க்க மிடுக்காக இருந்தாலும் எடையில் பெரும்பாலும் தரோபிரெட்டைவிடக் குறைவு.

இன்னொரு சங்கதி. எடை கூடிய குதிரை எல்லாம் பலசாலி ஆகிவிடாது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். லாயங்களில் கொழுத்திருப்பது பல சமயம் குதிரைதான். வேலை குறைந்து, கொள்ளும் தவிடும் கூடி, வயிறு தொங்குகிற 500 கிலோ குதிரைக்கு 20 சதவீதக் கணக்கு பொருந்தாது. அது ஏற்கெனவே தன் கொழுப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் சட்டென்று தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு.

பள்ளிக்காரர்களிடம் "இந்தக் குதிரை எத்தனை கிலோ?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். எடை மேடை இல்லாத லாயத்திலும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தையல்காரர் டேப் 150 செ.மீ.தான், ஒன்று போதாது, இரண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வார் போடும் இடத்தில் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். குதிரை மூச்சை விட்டதும் அளவைப் பாருங்கள். அடுத்து முன் தோள் முனையிலிருந்து பின் தொடை முனைவரை நீளம். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் ஏறக்குறையக் கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 178 செ.மீ., நீளம் 160 செ.மீ. என்றால் சுமார் 427 கிலோ. அந்தக் குதிரை தாங்கக்கூடியது மொத்தம் 85. சேணத்தையும் பூட்ஸையும் கழித்தால் ஏறுகிறவருக்கு மிஞ்சுவது 74 கிலோதான். அப்படியொரு குதிரையில் உங்களை ஏற்றுவதைத்தான் அவர் அட்ஜஸ்ட் என்கிறார்.

இதை நான் நல்லவன் போலச் சொல்ல முடியாது. பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில் நானும் ஒருமுறை அட்ஜஸ்ட் செய்தேன். வந்தவர் நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். ரொம்ப மரியாதையான மனிதர், குதிரையிடமும் அன்பாகத்தான் நடந்துகொண்டார். செம்பழுப்பு நிறத்தில் சாதுவான ஒரு பெட்டைக் குதிரையைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை குதிரைக்காரர் என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, கழுத்தடியிலிருந்து பின்பக்கமாக மெதுவாக ஓட்டினார். சேணத்தின் பின் விளிம்பு இருந்த இடத்தைக் கை தொட்டதும் முதுகு கயிற்றுக் கட்டில் போலக் கீழே தொய்ந்தது. காதுகள் பின்னால் படிந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை இன்னொரு முறை ஓட்டிக் காட்டினார், அவ்வளவுதான். பத்து நாள் அந்தக் குதிரைக்குச் சேணம் போடவில்லை.

வலி ஏன் சேணத்தின் பின் விளிம்பில் வந்தது? உங்களைப் போன்ற உயரமானவருக்கு இது முக்கியம். சேணம் குதிரையின் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின்னால் முதுகைத் தாங்க விலா கிடையாது. பள்ளிகளில் பொதுவாக இருக்கும் சேணங்கள் சராசரி ஆளுக்கானவை. தொடை நீளமும் இடுப்பு அகலமும் கூடியவர் அதில் உட்கார்ந்தால் தானாகவே பின் விளிம்புக்குத் தள்ளப்படுவார். பாரம் பரவாமல் ஒரே இடத்தில் குத்தும். 2018-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சோதனையில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆறு குதிரைகள், வெவ்வேறு எடையுள்ள நான்கு பேர். கனமான இருவர் ஏறிய ஓட்டங்களை எல்லாம் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பெரும்பாலும் குதிரை நொண்டியதால். அந்த நொண்டல் தற்காலிகமானதுதான். கவனிக்க வேண்டியது வேறு: அந்த இருவரில் ஒருவர் குதிரையின் எடையில் 18 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருந்தார். ஆக, 20 என்பது லட்சுமணன் கோடு மாதிரி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சேணம் சரியில்லை என்றால் 20 சதவீதத்துக்குக் கீழேயே குதிரைக்கு வலிக்கும். சின்ன ஆய்வுதான், ஆனால் லாயத்தில் நாங்கள் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

அப்புறம், 96 கிலோ எப்போதும் 96 கிலோவாக இருக்காது. குதிரை நடக்கும்போது அதன் முதுகில் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட உங்கள் எடை அளவுதான். ட்ராட்டில், அதாவது குலுங்கிக் குலுங்கிப் போகும் மித ஓட்டத்தில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்தில் அதையும் தாண்டும். பழகியவர் ட்ராட்டின் தாளத்துக்கு எழுந்து உட்கார்ந்து அந்த அடியைக் குறைப்பார். புதிதாக வருபவர் சாக்கு மூட்டை மாதிரி தொம் தொம் என்று விழுவார். அதனால்தான் 90 கிலோ அனுபவசாலி ஒருவரை ஏற்றும் பள்ளி, 90 கிலோ புது ஆளுக்கு மறுக்கலாம். பாரபட்சம் என்று நினைக்காதீர்கள்.

ஊட்டி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மட்டக்குதிரை 300 கிலோ என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் சேணம் உட்பட 60 கிலோதான் கணக்கு. உங்களிடம் யாரும் எடை கேட்காததற்குக் காரணம், கேட்டால் அன்றைய வரும்படி போய்விடும் என்பது. அடுத்த முறை மகளை மட்டும் ஏற்றிவிட்டு, நீங்கள் கூடவே நடந்து வாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பள்ளிக்குப் போய், "எனக்கு வரம்பைத் தளர்த்த முடியுமா?" என்று கேட்காதீர்கள். "சேணத்தோடு 107 கிலோ தாங்கும் குதிரை உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பள்ளியின் தரம் தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட குதிரையின் பெயர், எடை, வயது, ஒரு நாளைக்கு எத்தனை வகுப்பு என்று பதில் வந்தால் நல்ல இடம். "எல்லாக் குதிரையும் தாங்கும் சார்" என்றால் மகளைக்கூட வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்பேன். போட்டிக் குதிரைகள் வைத்திருக்கும் பெரிய லாயங்களில் வார்ம்பிளட் எனப்படும் 550, 600 கிலோ போட்டி இனக் குதிரைகள் இருக்கும். ஆனால் அவற்றைப் புதியவருக்குத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. நீங்கள் தேடுவது வயது ஆறைத் தாண்டிய, முதுகு அகலமான, நிதானமான ஒரு கலப்பினக் குதிரை. நகரத்தைச் சுற்றித் தேடினால் ஒன்றிரண்டு லாயங்களிலாவது கிடைக்கும்.

கிடைத்தால் முதல் இரண்டு மாதம் அரை மணி நேரம், நடை மட்டும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறரை வகுப்பு சிறந்தது. ஏப்ரல் வெயிலில் குதிரைக்கு உங்கள் எடையைவிட வெப்பம்தான் பெரிய பாரம். தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து எம்பி ஏறாதீர்கள். அப்படி ஏறினால் மொத்த எடையும் ஒரே பக்கமாகச் சேணத்தை இழுத்து முதுகெலும்பைத் திருகும். ஏறுவதற்கென்று படி வைத்த திண்டு இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றில் கட்டி வட்டமாகச் சுற்றவிடும் லஞ்ஜ் (lunge) வகுப்பைப் புதியவர்களுக்கு ஆசையாகத் தருவார்கள். சின்ன வட்டத்தில் கனமான ஆளோடு திரும்பத் திரும்பச் சுற்றுவது கால் மூட்டுக்கு ஆகாது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குதிரை கிடைக்கவில்லை என்றால் தரையில் செய்யும் வேலைகளைக் கற்றுத் தரச் சொல்லுங்கள்: தேய்த்துவிடுவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, லகான் பிடித்து நடத்திச் செல்வது, சேணம் கட்டுவது. ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஏறுவதற்கு முன்பே குதிரையின் காதையும் வாலையும் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். எடையைக் குறையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். ஆனால் எடை எவ்வளவானாலும் தொடைக்கும் வயிற்றுத் தசைக்கும் பலம் சேருங்கள். தோப்புக்கரணம் போட ஜிம் தேவையில்லை. ட்ராட்டில் எழுந்து உட்காரத் தேவையான தசை அதுதான்.

பள்ளியில் எடை பார்க்கும்போது பூட்ஸ், ஹெல்மெட்டோடு மிஷினில் நில்லுங்கள். கல்யாணமான புதிதில் இருந்த எடையைச் சொல்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு.

வரும் சனிக்கிழமை காபியோடு இரண்டு டேப்பும் எடுத்துப் போங்கள். குதிரைக்காரருக்குத் தமிழ் வரவில்லை என்றால் "குதுரெ தூக எஷ்டு?" என்று கன்னடத்தில் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே வந்து டேப்பின் மறுமுனையைப் பிடிப்பார். அளவுகளையும், சேணத்தின் இருக்கை எத்தனை அங்குலம் என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தக் குதிரை என்று சொல்கிறேன்.