நிலக்கரி மசோதாவை நம்பி ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் 22 ஆண்டுகளாக மின் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தொழிற்சங்கத்தில் இல்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் எனக்கு 55 வயது நிறையும். மார்ச் இறுதியில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள். இந்த டிசம்பர் 31-க்குள் தாமாக விலகுவோருக்கு ஆறு வாரச் சம்பளம் (எனக்கு 9,000 டாலர்) கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார்கள். என் 401(கே) கணக்கில் (நிறுவனம் வழியான ஓய்வுக்காலச் சேமிப்பு) 2,10,000 டாலர் இருக்கிறது. அதிலிருந்து 1,20,000 டாலர் எடுத்து, இதே ஊரில் நண்பர் நடத்தும் மோட்டலில் பங்கு வாங்கலாமா? சுரங்க ஊர்களுக்கு உதவும் மசோதா நிறைவேறினால் இங்கே வேலைகள் வரும், அறைகள் நிறையும் என்கிறார் அவர். மனைவி மருத்துவமனையில் பணிபுரிகிறார்.

பதில்: டிசம்பரில் விலக வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டல் விஷயத்தில் என் பதில் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பதுதான். இரண்டுக்கும் காரணம் தருகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது ‘ரிக்ளெய்ம்’ மசோதாவாக இருக்க வேண்டும். கைவிடப்பட்ட சுரங்க நிலங்களைச் சீரமைக்கும் நிதியிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 100 கோடி டாலரை எடுத்து, நிலத்தைச் சீராக்குவதோடு அங்கே புதுத் தொழிலுக்கும் வழிசெய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். கென்டக்கியைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹால் ராஜர்ஸ் 2016-இல் அதைக் கொண்டுவந்தார். பின்னர் பலமுறை திரும்பக் கொண்டுவரப்பட்டும் அது தனிச் சட்டமாகவில்லை. அதற்காக அந்த ஊர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று பொருளல்ல. அதே 2016-இல் கென்டக்கி, பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் தலா 3 கோடி டாலருடன் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. 2021-இன் உள்கட்டமைப்புச் சட்டம் கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க 15 ஆண்டுகளுக்குச் சுமார் 1,130 கோடி டாலர் ஒதுக்கியது.

ஆனால் இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். கூட்டாட்சி அரசு மாநிலத்துக்குத் தருகிறது. மாநிலம் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒப்பந்தக்காரர் வந்து பழைய சுரங்க வாயை மூடுகிறார், அமில நீரைச் சுத்திகரிக்கிறார், சரியும் மலைச்சரிவைக் கட்டுகிறார். எல்லாமே தேவையான வேலைகள்தான், இதில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு முன்னுரிமை தரவும் 2021 சட்டத்தில் இடமுண்டு. என்றாலும் இது ஊருக்கு வரும் பணம். எந்தக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது), எந்த ஆண்டில் வரும் என்பதை வைத்து ஒரு குடும்பம் வரவு செலவு போட முடியாது. தனி மனிதர் கையில் நேரே பணம் சேர்த்த சட்டம் என்றால் 2019 டிசம்பரில் நிறைவேறிய சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியச் சட்டத்தைச் சொல்லலாம். அது தொழிற்சங்கத்தின் 1974 ஓய்வூதியத் திட்டத்தைத் திவாலாகாமல் காத்தது. நீங்கள் சங்கத்தில் இல்லாததால் அதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே வரப்போகும் சட்டத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தில் உங்களுக்குச் சேர வேண்டியதைப் பார்ப்போம். 401(கே) பணத்தை 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 விழுக்காடு அபராதமும் உண்டு. இதற்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது: 55 வயது நிறையும் நாட்காட்டி ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டவர், அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து எடுக்கும் பணத்துக்கு அபராதம் இல்லை. பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அந்த ஆண்டு தொடங்கியிருந்தால் போதும். டிசம்பர் 31-இல் விலகிவிட்டு 1,20,000 டாலரை எடுத்தால் உங்களுக்கு 12,000 டாலர் அபராதம். மார்ச்சில் விலகி எடுத்தால் அபராதமே இல்லை. 9,000 டாலருக்கு ஆசைப்பட்டு 12,000 டாலரை இழப்பீர்கள், போதாததற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளமும் போகும். தாமாக விலகியவர் என்பதால் வேலையின்மை உதவித்தொகை கிடைப்பதும் சிக்கலாகலாம்.

விலகிய பின் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பும். அதில் ‘ஐஆர்ஏ கணக்குக்கு (நிறுவனம் சாராத தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றுக’ என்ற கட்டம் இருக்கும், அதில் குறியிடச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். 59½ ஆகும் வரை அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். ஐஆர்ஏவுக்குப் போன பணத்துக்கு இந்த 55 வயது விலக்கு செல்லாது. ‘என் பெயரில் காசோலை’ என்ற கட்டத்தில் குறியிட்டால் 20 விழுக்காட்டை முன்வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்; 1,20,000 டாலரில் 96,000 டாலர்தான் கைக்கு வரும். பகுதி பகுதியாக எடுக்க உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில திட்டங்கள் மொத்தமாக மட்டுமே தரும்.

மார்ச் வரை இருப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2019-இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் ஒரு சுரங்க நிறுவனம் திடீரெனத் திவாலானபோது, வங்கியில் போட்ட சம்பளம்கூடத் திரும்பிப் போனது; தொழிலாளர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து நிலக்கரி ரயிலை மறித்தார்கள். எனவே ஒவ்வொரு சம்பள நாளிலும் பணம் வந்ததா, பிடித்தம் செய்த தொகை 401(கே)-யில் ஏறியதா என்று பாருங்கள். ஏற்கெனவே அதில் இருக்கும் பணம் நிறுவனத்தின் சொத்தோடு சேராமல் ‘டிரஸ்ட்’ என்ற தனிப் பொறுப்பில் இருப்பதால் நிறுவனத்தின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. 22 ஆண்டுகள் நிலத்தடியில் வேலை செய்ததற்கான சான்றை, அலுவலகம் திறந்திருக்கும்போதே கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். நிலத்தடியில் 15 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவருக்கு வேலை செய்ய முடியாத அளவுக்குச் சுவாசக் கோளாறு வந்தால், அது நிலக்கரித் தூசியால் வரும் கறுப்பு நுரையீரல் நோயால் வந்தது என்றே சட்டம் அனுமானிக்கிறது. நாளை அப்படி ஒரு நிலை வந்தால் இழப்பீடு கேட்க இந்தத் தாள் பெரிதும் உதவும்.

மருத்துவக் காப்பீட்டுக்குக் கோப்ராவைவிட (வேலை போன பின் பழைய நிறுவனக் காப்பீட்டை நம் செலவில் தொடரும் முறை) மனைவியின் மருத்துவமனை வழியான காப்பீடு பெரும்பாலும் மலிவாக இருக்கும். உங்கள் காப்பீடு முடிந்த 30 நாளுக்குள் சேர வேண்டும்.

மோட்டலுக்கு வருவோம். நண்பரிடம் மூன்று ஆண்டு வரிக் கணக்கைக் கேளுங்கள். அதோடு தங்குவோர் பதிவேட்டையும் கேட்டு, செவ்வாய், புதன் இரவுகளில் யார் தங்குகிறார்கள் என்று பாருங்கள். சுரங்க ஒப்பந்த ஆட்கள்தான் பெரும்பாலும் என்றால் மார்ச்சுக்குப் பிறகு அந்த அறைகள் காலி. உங்கள் வீடு, மனைவியின் வேலை எல்லாம் ஏற்கெனவே இந்த ஒரே ஊரை நம்பி இருக்கும்போது, ஓய்வுக்காலப் பணத்தில் பாதிக்கு மேல் அதே ஊரில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவேட்டில் வேறு ஆட்களின் பெயர்கள் இருந்தால், ஏப்ரலுக்குப் பிறகு 20,000 அல்லது 25,000 டாலர் பங்கைப் பற்றிப் பேசலாம். அதற்குள் மாநில வேலைவாய்ப்பு மையத்துக்குப் போய், வேலை இழந்தோருக்கான பயிற்சி நிதிக்கு விண்ணப்பியுங்கள். மின் பராமரிப்பில் 22 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அடுத்த வேலை சுரங்கத்தில்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை.