பூதத்தைப் பார்க்கும் முகம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். லீவு நாளில் அடைமழை. அக்கா பிள்ளைகளும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளும் வீட்டில் கூடிவிட்டார்கள். பென்டிரைவில் கிடந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தைப் போட்டுவிட்டேன். பழைய படமா என்று முகம் சுளித்தவர்கள் பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டார்கள். பொருட்கள் திடீரென்று தோன்றும்போது படம் ஒரு துள்ளுத் துள்ளுவதைக் கண்டுபிடித்து, திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார்கள். மழை விட்டதும் என் போனை வாங்கிக்கொண்டு போய், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒருவனை மறைய வைத்து அவர்களே ஒரு படம் எடுத்தார்கள். மறைகிறவனாக நடிக்க எல்லாருக்கும் ஆசை. பக்கத்தில் நின்று திடுக்கிடத்தான் ஒருவருக்கும் வரவில்லை, சிரித்துவிடுகிறார்கள்.

பூதம் வந்தால் என்ன கேட்பீர்கள் என்று கேட்டேன். “லயம் வேணாம் டீச்சர், பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்காத தனி வீடு” என்றாள் ஒரு பிள்ளை.

என் தம்பிக்குப் படம் பிடிக்கவில்லை. “இங்கிலீஷ் படக் காப்பி. நீ சின்ன வயசுல அப்பாவோட பார்த்த ஞாபகத்துல ரசிக்கிற” என்கிறான். படம் நல்ல படமா, இல்லை எனக்குத்தான் பழைய பாசமா?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

தம்பி சொன்னதில் பாதி சரி. 1964இல் ஹாலிவுட்டில் வந்த ‘தி பிராஸ் பாட்டில்’தான் இதற்கு மூலம். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை, எஃப். ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேயர் 1900இல் எழுதிய நாவல். அவருக்குக் கடன் கொடுத்தது ஆயிரத்தொரு இரவுகள், மீனவன் வலையில் குடுவை சிக்கிய கதை. ஆக, அரபு நாட்டில் புறப்பட்ட பூதம் லண்டன், ஹாலிவுட் என்று சுற்றிவிட்டு 1967இல் கோடம்பாக்கம் வந்து இறங்கியிருக்கிறது. வந்த இடத்தில் அதை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

நாவலிலும் ஆங்கிலப் படத்திலும் குடுவையைத் திறப்பவன் ஒரு கட்டடக் கலைஞன். தமிழில் அவனைக் கூடைப்பந்து ஆடும் இளைஞனாக்கி, ஜெய்சங்கருக்குக் கொடுத்து, கூடவே நாகேஷையும் சேர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. தனி ஆளிடம் பூதம் வந்தால் அவன் அதை மறைக்கத்தான் பார்ப்பான். பக்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தால், நடக்கிற அதிசயத்தையெல்லாம் பார்த்து வாய் பிளக்க ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

உங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த துள்ளல் சினிமா பிறந்த காலத்திலிருந்தே இருக்கும் வித்தை. நடிகர்களை அப்படியே நில் என்று நிறுத்தி, கேமராவையும் நிறுத்தி, மேசையில் வேண்டியதை வைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். எவ்வளவு கெட்டியாக நின்றாலும் ஒரு விரலோ, முந்தானையோ, திரைச்சீலையின் மடிப்போ கொஞ்சம் நகர்ந்திருக்கும். கண் அதைப் பிடித்துவிடும். பெரிய பூதமும் சின்ன மனிதனும் ஒரே சட்டத்தில் வர வேண்டுமென்றால் இன்னொரு வழி. லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறை எடுப்பது, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, எடுத்த பாதியை மறைத்துவிட்டு மற்றப் பாதியில் இன்னொரு முறை எடுப்பது. கம்ப்யூட்டர் இல்லாத நாளில் இதையெல்லாம் கையால் செய்தார்கள். கணக்குக் கொஞ்சம் பிசகினால் இரண்டு முறை எடுத்ததும் வீண்.

இப்படி எடுக்கும்போது நடிகர் முன்னால் பூதமும் இருக்காது, ஒரு மண்ணும் இருக்காது. வெறும் காற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டும். கேமராக்காரர் பாதி வித்தைதான் செய்கிறார், மீதிப் பாதி பார்க்கிறவனுடைய முகத்தில் நடக்கிறது. நாகேஷ் அந்த மீதியைச் செய்கிற விதத்தைப் பாருங்கள். முதலில் கண் போகிறது, பிறகு கழுத்து, உடம்பு கடைசியில்தான் திரும்புகிறது. பயந்த முகத்திலேயே “இதை வைத்து என்ன லாபம் பார்க்கலாம்” என்ற யோசனையும் ஓடுகிறது. கூடைப்பந்து ஆட்டத்தில் பந்து தானாக நகரும்போது அவர் ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த கிராபிக்ஸும் ஈடாகாது. உங்கள் பீலியடி நடிகர்கள் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். மறைவது சுலபம், வெளியே ஓடினால் போதும். நின்று திடுக்கிடத்தான் நடிப்பு வேண்டும்.

அப்புறம் பூதம். அந்த வேடம் போட்ட ஜாவர் சீதாராமனை நடிகர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். ‘களத்தூர் கண்ணம்மா’வை எழுதியவர் அவர். ‘உடல் பொருள் ஆனந்தி’ என்ற தொடர்கதையைப் பயந்து பயந்து படித்த தலைமுறை ஒன்று உண்டு. வசனம் எழுதுகிறவருக்கு ஒரு வரியை எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் பூத வேடத்துக்குள் போயிருக்கிறார். மற்றப் படங்களில் பூதம் என்றால் இடி இடித்த மாதிரி சிரிக்கும். இவர் ஊரிலிருந்து வந்து இறங்கிய பெரியப்பா மாதிரி இருக்கிறார். உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிறார், வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பயம் வராமல் பிரியம் வருவதற்கு அந்த முகவாட்டம்தான் காரணம். ‘ஜீ பூம் பா’ என்ற சொல் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது, அதைச் சொன்ன மனுசனைத்தான் மறந்துவிட்டோம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இயக்குநர் எம். வி. ராமன் நகைச்சுவையில் காட்டிய சுறுசுறுப்பைச் சண்டையில் காட்டவில்லை. கே. ஆர். விஜயாவுக்குச் செய்ய அதிகம் இல்லை. பூதம் திரையில் இல்லாத நேரம் படம் பூதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

சரி, பழைய பாசத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் அது கொஞ்சம் சிக்கலான சாமான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்திய வம்சாவளியினரான நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் இங்கே வந்ததும் இந்தப் படம் வந்த அதே 1967இல்தான். அந்த ஆண்டுகளில் ஒரு தமிழ்ப் படத்தில் மதராஸ் வீதியையும் காரையும் மாடி வீட்டையும் பார்த்த தோட்டத்து ஆள், நாளைக்கு நம்மை இறக்கிவிடப்போகிற ஊர் இதுதானோ என்றும் பார்த்திருப்பார். கப்பலேறியவர்கள் போய்த் தங்கியதோ ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாம். அங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் போய்ச் சேர்ந்தது கூடலூர், கோத்தகிரி, மறுபடியும் தேயிலை மலை. ஆகவே நம் பெரியவர்கள் பழைய படத்தைப் பற்றிப் பேசும்போது தொண்டை கட்டினால், காரணம் முழுவதும் படத்தில் இருக்காது. உங்கள் அப்பா அந்த வயதுக்காரரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் கூடிய பிள்ளைகளுக்கு அந்தப் பாசம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு நாகேஷும் யாரோ, மதராஸும் எங்கேயோ. எந்த ஞாபகமும் இல்லாமல் பார்த்துச் சிரித்தார்கள், திருப்பிப் போடச் சொன்னார்கள், அதைப் பார்த்துத் தாங்களும் ஒன்று எடுத்தார்கள். தம்பிக்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

தனி வீடு கேட்ட பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் மலையகத்து நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் இருக்கிறார்கள். பூதக் கதைகளில் மாளிகை ஒரு சொடக்கில் வரும், காணி உறுதிப் பத்திரத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் நிலத்துக்காக இத்தனை வருசம் பேசிக்கொண்டிருக்கிற நமக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

மறுபடி போட்டுக் காட்டுவதாக இருந்தால் சண்டைகளைத் தாராளமாக ஓட்டிவிடலாம். ‘அந்த சிவகாமி மகனிடம்’ பாட்டை மட்டும் ஓட்ட வேண்டாம், அடுப்படியில் இருக்கிற அம்மாமார் சண்டைக்கு வருவார்கள். இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பாடமாகியிருக்கும். இசை ஆர். கோவர்த்தனம். காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். கண்ணதாசன் காதல் பாட்டுக்குள் வைத்து காமராஜருக்குத் தூது விட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. மெய்யோ பொய்யோ, பாட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது.

அடுத்த மழைக்கு ‘மாயா பஜார்’ போடுங்கள், 1957இல் வந்தது. கேமரா மார்க்கஸ் பார்ட்லி. உங்கள் ஆட்கள் துள்ளலைத் தேடிக் களைத்துப்போவார்கள். ஆனால் ரங்காராவ் கல்யாண விருந்து முழுவதையும் தனியாக உட்கார்ந்து தின்று தீர்க்கும் பாட்டு வருமுன் பிள்ளைகளுக்கு வயிறு நிறைய ரொட்டியும் சம்பலும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நீங்கள் அடுப்பு மூட்ட வேண்டிவரும்.

அன்புடன்
அண்ணா