வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, வைஃபை எப்படி குடுக்கறது?

கும்பகோணத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. டல்லாஸ்ல இருக்கற தம்பி குடும்பத்தோட மூணு வாரம் வந்து தங்கப் போறாராம், ஆளுக்கொரு லேப்டாப், தம்பி ராத்திரி உக்காந்து ஆபீஸ் வேலையும் பாப்பாராம். போன தடவ வந்தப்ப அக்கா ஃபோன்ல வைஃபை நல்லா வந்துச்சு, தம்பி லேப்டாப்ல மட்டும் இவங்க வைஃபை பேரே காட்டல. இன்னொரு கவல, வீட்டுக்காரர் பேங்க் வேலையெல்லாம் இதே நெட்லதான் பாக்கறார், எல்லாருக்கும் பாஸ்வேர்டு குடுக்கலாமா, குடுக்க மாட்டேன்னா தம்பி தப்பா எடுத்துக்குவானேன்னு.

முதல்ல அந்த பேரு வராத கதைய பாத்துருவோம், ஏன்னா நிறைய பேரு ரவுட்டர் கெட்டுப்போச்சுன்னு மாத்தற அளவுக்கு போயிடறாங்க. வைஃபை வழக்கமா 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல வரும், அதுல 2.4ல நம்ம ஊர்ல 13 சேனல் (சிக்னல் போற பாதை) வரைக்கும் இருக்கு, அமெரிக்காவுல வழக்கமா 11 வரைக்கும்தான். உங்க ரவுட்டர் ஆட்டோல இருந்து அதுவா 12லயோ 13லயோ போய் உக்காந்துட்டா அங்க வாங்கின சில லேப்டாப் அந்தப் பக்கம் தேடவே தேடாது. உங்க ஃபோன் இங்க வாங்கினது, அதுக்கு எல்லாம் தெரியும். அதனால ரவுட்டர் செட்டிங்ஸ்ல ஆட்டோவ எடுத்துட்டு 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு வச்சிருங்க, முடிஞ்சுது. செட்டிங்ஸுக்கு எப்படி போறதுன்னா ரவுட்டர திருப்பிப் பாருங்க, ஸ்டிக்கர்ல 192.168.1.1 மாதிரி ஒரு நம்பரும் யூசர் நேம் பாஸ்வேர்டும் இருக்கும், அத பிரவுசர்ல அடிச்சா தொறக்கும். அங்க அட்மின் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்"னே இருந்துச்சுன்னா கையோட மாத்திடுங்க, நான் போற வீட்ல பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கு.

5 கிகாஹெர்ட்ஸ் பேரு தனியா தெரிஞ்சா அது வேகம்தான், ஆனா பழைய வீட்டு கெட்டிச் சுவர தாண்டி உள் ரூமுக்கு போறதுக்குள்ள செத்துரும், தம்பிக்கு மாடி ரூம் குடுத்தா 2.4தான் கைகுடுக்கும். செக்யூரிட்டில, அதாவது வைஃபைக்கு எந்த வகை பூட்டுன்னு கேக்கற எடத்துல, டபிள்யூபிஏ2 இல்லனா டபிள்யூபிஏ2/3 ரெண்டும் கலந்தது வைங்க, வெறும் 3 மட்டும் வச்சா பழைய லேப்டாப் சேராது.

இப்ப பாஸ்வேர்டு விஷயம். தம்பிய நம்பாம இல்லக்கா, தம்பி பையன் லேப்டாப்ல என்ன கேம் எறக்கி வச்சிருக்கான்னு தம்பிக்கே தெரியாது. ஒரே நெட்ல இருந்தா ஒரு லேப்டாப்ல இருக்கற வைரஸ் பக்கத்துல இருக்கற கம்ப்யூட்டர், கேமரா, டிவி எல்லாத்தோட கதவையும் தட்டிப் பாக்கும். அதுக்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு ரவுட்டர்லயே இருக்கு. அத ஆன் பண்ணி வேற பேரு வேற பாஸ்வேர்டு வச்சா அவங்களுக்கு இன்டர்நெட் மட்டும் போகும், உங்க வீட்டு சாமானுங்க கண்ணுக்கே தெரியாது. தம்பிகிட்ட "உனக்குன்னே தனி லைன் போட்டு வச்சிருக்கேன்டா"ன்னு சொல்லுங்க, சந்தோஷப்படுவான்! ஒரே தொந்தரவு, அதுல இருந்து உங்க பிரிண்டருக்கு பிரிண்ட் குடுக்க முடியாது, பிடிஎஃப்ப வாட்ஸப்ல வாங்கி நீங்க எடுத்துக் குடுத்துருங்க.

கெஸ்ட்தானேன்னு பாஸ்வேர்டு இல்லாம தொறந்து மட்டும் போட்றாதீங்க. 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு சில நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மெயில் வந்துச்சு, போலீஸ் ஐபி அட்ரஸ (நெட் கனெக்ஷனோட விலாச நம்பர்) பிடிச்சு போய் நின்னது நவி மும்பையில வாடகைக்கு இருந்த ஒரு அமெரிக்கர் வீட்ல. பூட்டாம கெடந்த அவரு வைஃபைல இருந்து வேற யாரோ அனுப்பின மெயில் அது. அவரு விசாரணை, பொய் கண்டுபிடிக்கற டெஸ்ட்டுன்னு அலைஞ்சதுதான் மிச்சம்.

சில ஃபைபர் பொட்டில கெஸ்ட் ஆப்ஷனே இருக்காது. அப்ப ஒரு சாதா ரவுட்டர் வாங்கி அதுக்குப் பின்னாடி மாட்டலாம், ஆனா இங்கதான் எல்லாரும் தலைகீழா பண்றாங்க. புது ரவுட்டர விருந்தாளிக்கு குடுக்கக் கூடாது! பின்னாடி இருக்கறவங்களுக்கு முன்னாடி இருக்கற நெட் தெரியும், முன்னாடி இருக்கறவங்களுக்கு பின்னாடி தெரியாது, திண்ணைக்கும் உள் ரூமுக்கும் இருக்கற கணக்குதான். அதனால பழைய பொட்டிய விருந்தாளிக்கு விட்டுட்டு உங்க கம்ப்யூட்டர், கேமரா எல்லாத்தையும் புதுசுக்கு மாத்துங்க, பழைய பொட்டில இருந்து வர்ற கேபிள புது ரவுட்டரோட வான் (WAN) போர்ட்டுல, அதாவது வெளிய இருந்து நெட் உள்ள வர்ற ஓட்டைல குத்தணும், வீட்டு சாமானுக்கான லான் (LAN) ஓட்டைல குத்தினா ரெண்டும் ஒண்ணாயிடும், காசு தண்டம்.

பாஸ்வேர்டு 8ல இருந்து 63 எழுத்து வரைக்கும் வைக்கலாம். நாலு தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல சேத்து வைங்க, வாயால சொல்ல ஈஸி, ஆனா ழ வர்ற வார்த்தை வேணாம், வாழைப்பழம்னு வச்சீங்கன்னா நீங்க ஒரு மாதிரி அடிப்பீங்க தம்பி ஒரு மாதிரி அடிப்பான், ராத்திரி பதினோரு மணிக்கு உங்களத்தான் எழுப்புவாங்க. வைஃபை பேர ஒளிச்சு வைக்கறது பாதுகாப்புன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, தேடறவனுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, உங்களுக்குத்தான் கஷ்டம். பாஸ்வேர்டு அடிக்காமலே சேத்துவிடற டபிள்யூபிஎஸ் (WPS) பட்டன் வசதி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அதோட எட்டு இலக்க பின் (PIN) நம்பர உடைக்கலாம்னு 2011லயே வெளிய வந்துருச்சு.

தம்பி பக்கம் மூணே விஷயம். விண்டோஸ்ல சேரும்போது பப்ளிக்கா பிரைவேட்டான்னு இருந்தா பப்ளிக்தான் வைக்கணும், அக்கா வீடுதானேன்னு பிரைவேட் வைக்க வேணாம், பப்ளிக்ல அவரு லேப்டாப் மத்தவங்க கண்ணுல படாது. ஆபீஸ் விபிஎன்ன (ஆபீஸ் வரைக்கும் பூட்டின தனி வழி) தாராளமா போடட்டும். அப்புறம் இந்திய நேரத்துக்கு மாத்தறேன்னு கடிகாரத்த கையால தள்ளக் கூடாது, டைம்ஸோன மட்டும் மாத்தணும், இல்லனா ஆபீஸ் லாகின் அடம்பிடிக்கும், பழி உங்க வைஃபை மேல விழும்.

கரண்ட் போனா மீட்டிங் நடுவுல கட்டாகும், ரவுட்டருக்குன்னு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் கெடைக்குது, வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரவுட்டர் அடாப்டர்லயும் 12னு போட்டிருக்கான்னு பாத்துக்கோங்க. லேப்டாப் சார்ஜர்ல 100-240னு இருந்தா நம்ம 230 வோல்ட்டுக்கு பயமில்ல, பிளக் மாத்தற கட்டை மட்டும் போதும். அவங்க ஊருக்கு கிளம்பினதும் கெஸ்ட ஆஃப் பண்ணிடுங்க, அதுக்குள்ள அந்த பாஸ்வேர்டு எதிர்வீட்டு பசங்க வரைக்கும் போயிருக்கும்.