‘நானும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் புள்ளி வருமா?

பிள்ளை, இணையவழிப் பாடத்தின் கலந்துரையாடல் பக்கத்தில் நீங்கள் இட்டு, எனக்கும் அனுப்பிய பதிவுகளை வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை, வசனமும் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் விரிவுரையாளர் ஏன் புள்ளியைக் குறைத்தார் என்பது விளங்கியது. அவற்றை ஒட்டுசுட்டானில் இருக்கும் நீங்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை. மாத்தறையில் இருப்பவரும் அப்படியே எழுதியிருக்கலாம்.

உங்கள் பிரதேசத்து நீர்ப் பிரச்சினை ஒன்றைப் பாடத்தோடு தொடர்புபடுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களோ “நீர் முகாமைத்துவம் இன்றைய உலகில் மிக முக்கியமானதாகும்” என்று தொடங்குகிறீர்கள். உயர்தரப் பரீட்சைக்குக் கட்டுரை எழுதிப் பழகிய கை அது. இங்கே முன்னுரை வேண்டாம். கேட்ட கேள்விக்கு முதல் வசனத்திலேயே பதில் வர வேண்டும்.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் உங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதையே எழுதுங்கள்: “சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். ஆனால் மேலே உள்ளவர்கள் கூடுதலாகத் திருப்பிக்கொண்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. ஆகவே எங்கள் பிரச்சினை தண்ணீரின் அளவு மட்டுமல்ல, பங்கீடும்தான்.” இனிப் பாடத்துக்கு வாருங்கள். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஒஸ்ட்ரோமின் பகுதி உங்கள் வாசிப்பில் இருக்கிறது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாங்களே கண்காணித்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர் அவர். நம் நாட்டுக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உங்கள் வாய்க்காலில் கண்காணிப்பது யார்? முறை தவறியவரைக் கமக்காரர் அமைப்பு என்ன செய்கிறது? அப்பாவிடம் கேட்டு இரண்டு வசனம் சேருங்கள். ஒஸ்ட்ரோம் சொன்னது உங்கள் ஊரில் பொருந்தவில்லை என்று தெரிந்தால் இன்னும் நல்லது, அதைத் துணிந்து எழுதுங்கள். விரிவுரையாளரோடு முரண்பட்டால் புள்ளி போய்விடும் என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. காரணம் காட்டி முரண்படுகிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

கடைசியில் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கேள்வியை விட்டுவையுங்கள். “உங்கள் கருத்து என்ன?” என்பது கேள்வியல்ல. “உங்கள் ஊரில் கடைசி வயல்காரருக்கு முதலில் தண்ணீர் விடும் வழக்கம் உண்டா?” என்றால் பொலன்னறுவையில் இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

பிறருக்கு எழுதும் மறுமொழிதான் பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம். “சிறப்பான கருத்து, நானும் ஏற்றுக்கொள்கிறேன்” என்பது செத்த வீட்டில் தலையாட்டிவிட்டு வருவது போன்றது; போனதற்கு அடையாளம், அவ்வளவுதான். அவர் சொன்னதில் ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கு உங்கள் பக்கத்து உதாரணத்தைச் சேருங்கள், அல்லது அது எங்கே பொருந்தாது என்று சொல்லுங்கள். நாலைந்து வசனம் போதும்.

சில நடைமுறை விடயங்கள். ஞாயிறு நள்ளிரவு வரை காத்திருந்து பதிந்தால் மறுமொழி எழுத ஆள் இருக்காது. வார நடுவில் பதியுங்கள். பாடம் நடக்கும் மூடில் (Moodle) இணையத் தளத்தில், நாம் பதிந்த பிறகே மற்றவர் பதில்கள் தெரியும்படி அமைத்த கேள்விகளும் உண்டு, ஆகவே பார்த்து எழுதலாம் என்று இருக்க வேண்டாம். பதிந்த பின் திருத்த வழமையாக 30 நிமிடம் கிடைக்கும். நிறுவனம் இதைக் கூட்டிக் குறைத்திருக்கலாம். மழைக்குக் கரண்டும் சிக்னலும் போகிற ஊரில் நேரே தளத்தில் தட்டச்சுச் செய்யாதீர்கள். கைபேசிக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். தட்டச்சுக் கடையில் கொடுப்பதானால் யூனிகோட் எழுத்துருவில் அடிக்கச் சொல்லிக் கொடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் விரிவுரையாளருக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

“எந்நேரமும் போனோடு இருக்கிறாள்” என்று அம்மா கவலைப்பட்டார். எழுதியதை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வயல் தெரிந்தவர், பிழை இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார். வேலைக்குப் போனபின் கள அறிக்கையும் மின்னஞ்சலும் எழுதும்போது இதே பழக்கம் கைகொடுக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

இந்த வாரப் பதிலை வியாழனுக்குள் எழுதி, பதிய முன் எனக்கு அனுப்புங்கள். முன்னுரை இருந்தால் வெட்டிவிடுவேன்.